சவரிராஜ் வாத்தியாரின் முட்டைக்கோசுப் பாத்தி

நேற்று ராத்திரி வரை தாமும் வளைத்துக் கட்டிச் சாப்பிட்ட ஒன்றை இன்று காலையில் கைவிட்டுவிட்டு, நாளை சாயங்காலத்துக்குள் ஊரே அதைக் கைவிட்டாக வேண்டும் என்று அவசரப்படுகிற ஒரு மனித ரகம் உண்டு. வேறு பெயர் அகப்படாததால் இவர்களை உணவுச் சீர்திருத்தக்காரர்கள் என்று அழைப்போம். அடையாளம் காண்பது சுலபம். நீங்கள் எதையாவது வாயில் போடப் போகும் தருணம் பார்த்துப் பக்கத்தில் வந்து நிற்பார்கள். "இதைப் பத்தி ஒரு விஷயம் தெரியுமா?" என்பார்கள். தெரியாது என்றால் சொல்லித் தருவார்கள். தெரியும் என்றால், தெரிந்துமா சாப்பிடுகிறீர்கள் என்று முகத்தைப் பார்ப்பார்கள். எப்படியும் அந்த வடை ஆறிப்போகும்.

இந்த ரகத்தில் ஆண்களே அதிகம். காரணம் வேறொன்றுமில்லை. சமைக்கிறவர்களுக்கு இதற்கெல்லாம் நேரம் கிடையாது.

சிவகாசியில் இந்த ரகத்துக்கு ஒரு நல்ல உதாரணம் இருந்தார். பெயர் சவரிராஜ். உயர்நிலைப் பள்ளியில் பூகோள ஆசிரியர். பிரேசில் நாட்டில் எந்த மாதம் எத்தனை அங்குலம் மழை பெய்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். சிவகாசியில் மழை பெய்வதில்லை என்கிற ஒரு தகவல்தான் அவருக்கு எப்படியோ எட்டாமல் போய்விட்டது. அவர் மனைவி இன்பம், ஆஸ்பத்திரியில் நர்ஸ். பிள்ளைகள் இருவரும் திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்தார்கள். தப்பித்தார்கள் என்றும் சொல்லலாம்.

அறுபத்தைந்தில் மழை ஏமாற்றியது உங்களில் வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அரிசிக் கடையில் வரிசை. மேடைக்கு மேடை உணவுப் பெருக்கம் பற்றிப் பேச்சு. அடுத்த தை மாதம், பொங்கல் லீவில், விருதுநகரில் ஏதோ காய்கறிக் கண்காட்சி போட்டிருக்கிறார்கள் என்று சவரிராஜ் பஸ் ஏறிப் போனார். போகும்போது சாதாரண மனிதராகத்தான் போனார். திரும்பி வந்தவர் கையில் ஒரு பிரசுரமும், பெங்களூரிலிருந்து வந்த முட்டைக்கோசு விதைப் பொட்டலம் ஆறும், கண்ணில் ஒரு வெளிச்சமும் இருந்தன. இன்பத்துக்குப் பொட்டலத்தைக் கண்டு பயமில்லை. அந்த வெளிச்சத்தைத்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை. அதே வெளிச்சத்தோடு அவர் முன்னொரு தடவை ஹோமியோபதி படித்திருக்கிறார்.

"பஸ்ஸிலேயே ஒரு ஆளைத் திருத்திட்டேன்" என்றபடிதான் செருப்பைக் கழற்றினார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தவர் சோலைமலை என்று ஒரு சம்சாரி, பருத்தி விவசாயி. அவரிடம் இவர் வீட்டுக் கொல்லையில் காய்கறி பயிரிடுவது எப்படி என்று விருதுநகர் எல்லை தாண்டுவதற்குள் சொல்லி முடித்திருக்கிறார். மாமிசம் செலவு, மரக்கறி சிக்கனம், நாலடிக்கு நாலடி நிலம் இருந்தால் ஒரு குடும்பம் வருஷம் பூராவும் சாப்பிடலாம், இத்தியாதி.

"அவரு என்ன சொன்னாரு?" என்று இன்பம் கேட்டாள்.

"தண்ணிக்கு என்ன பண்றதுன்னு கேட்டாரு. அதான் சொல்ல வந்தேன், அதுக்குள்ள ஆமத்தூர்ல இறங்கிட்டாரு."

"அவரு ஊரு ஆமத்தூரா?"

"இல்ல, சிவகாசிக்கு டிக்கெட் எடுத்திருந்தாரு. ஏதோ அவசரம் போல."



மறுநாள் சாப்பாட்டின்போது பிரகடனம் வந்தது. இனி இந்த வீட்டில் கறி, மீன், முட்டை கிடையாது. அரிசி வாரத்துக்கு ஒரு நாள். மற்ற நாளில் கம்பும் குதிரைவாலியும். சந்தைக் காய்கறி வாசல் ஏறக்கூடாது. விளைவது எதுவோ அதுவே குழம்பு.

"தபசு காலத்துக்கு இன்னும் ஒரு மாசம் கெடக்குல்லா?" என்றாள் இன்பம். மாதா கோவிலில் சாம்பல் பூசி, உயிர்த்த ஞாயிறு வரை நாற்பது நாள் கறி தவிர்ப்பது எல்லோரும் செய்கிற காரியம். அதற்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் உண்டு.

"தபசு காலத்தோட நிறுத்துறதுக்கு இது விரதம் இல்ல இன்பம். இது விஞ்ஞானம்."

"சரி. வெளையற வரைக்கும் என்னத்தைக் கொழம்பு வைக்கிறது?"

அதற்குப் பிரசுரத்தில் பதில் இல்லை.

வீட்டோடு நின்றிருந்தால் பாதகமில்லை. ஆனால் இந்த ரகத்துக்கு வீடு போதாது. ஆசிரியர் அறையில் பொன்ராஜ் என்கிற டிரில் மாஸ்டர், டிபன் பெட்டியில் முட்டைப் பொரியல் கொண்டு வருகிற மனிதர், ஒரே வாரத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மைதானத்து வேப்பமரத்தடிக்குக் குடிபெயர்ந்தார். தலைமையாசிரியர் சீனிவாசகம், யாராவது ஒருவர் பேசிக்கொண்டே இருந்தால் அவரை ஒரு மன்றத்துக்குச் செயலாளராக்கிவிடுவது உத்தமம் என்று அனுபவத்தில் கண்டவர். உணவுப் பெருக்க மன்றம் என்று ஒன்றை உண்டாக்கி சவரிராஜைச் செயலாளராக்கினார். தொடக்க விழாவில், நானூறு பிள்ளைகளும் பெற்றோர்களும் பார்க்க, சவரிராஜ் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்: "இன்றிலிருந்து என் குடும்பம் கடையில் ஒரு காய் வாங்காது. என் தோட்டத்துப் பச்சை மட்டுமே எங்கள் பாத்திரத்தில் வேகும். பங்குனி மாதம் நீங்கள் எல்லோரும் வந்து பார்க்கலாம்."

கைதட்டல் பலமாக இருந்தது. தலைமையாசிரியர் சும்மா இருந்திருக்கலாம். கல்வி அதிகாரியைப் பங்குனியில் பார்வையிட அழைப்பதாக அந்த மேடையிலேயே அறிவித்துவிட்டார்.

'என் குடும்பம்' என்று மேடையில் சொல்லப்பட்டது முக்கியமாக இன்பத்தின் வயிறு. அவளை யாரும் கேட்கவில்லை. பெண்கள் பகுதியில் கடைசி வரிசையில் உட்கார்ந்து அவளும் கைதட்டினாள். தட்டாமல் இருந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் பார்ப்பார்கள் அல்லவா?

கொல்லையில் பாத்தி கட்டியாயிற்று. வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. துவைக்கலாம், குளிக்கலாம், குடிக்க முடியாது. நல்ல தண்ணீர் தெருக்குழாயில் நாலு நாளைக்கு ஒருமுறை வரும். ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்து, வெள்ளைச் சேலையை மாற்றிக்கொண்டு, இன்பம்தான் வரிசையில் நின்று பிடிப்பாள். சவரிராஜ் பிடிப்பதில்லை. அவர் திட்டமிடுகிறவர்.

திட்டம் இதுதான். முட்டைக்கோசு சீமைப் பயிர், உப்புத் தண்ணீர் அதற்கு ஆகாது. ஆகவே நல்ல தண்ணீர் கோசுக்கு. உப்புத் தண்ணீரை வடிகட்டிக் காய்ச்சினால் மனிதர் குடிக்கலாம். மனிதர் என்றால் யார் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

விதை முளைத்ததா? முளைத்தது. ஆறு பொட்டலத்தில் பதினோரு நாற்று எழுந்து நின்று, சிவகாசி வெயிலை ஒருமுறை நிமிர்ந்து பார்த்து, வளர வேண்டியதில்லை என்று முடிவு செய்தது. அதே சமயம், அதே நல்ல தண்ணீரைக் குடித்து, யாரும் விதைக்காத பச்சை ஒன்று பாத்தி கொள்ளாமல் புசுபுசுவென்று கிளம்பியது. சவரிராஜ் பிரசுரத்தைப் புரட்டினார். 'களைகளை உடனுக்குடன் அகற்றுக' என்று கண்டிருந்தது. தினமும் காலையில் குனிந்து உட்கார்ந்து கைநிறையப் பிடுங்கி, முள்வேலிக்கு அந்தப் பக்கம் வீசினார்.

அந்தப் பக்கத்து வீடு முத்துப்பேச்சியுடையது. தீப்பெட்டிக் கம்பெனியில் குச்சி அடுக்குகிறவள். புருஷன் இல்லை. ஏழாயிரம்பண்ணைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். இவர் வீசியதை அவள் முறத்தில் சேகரித்து, மண் உதறி, ஆய்ந்துகொண்டிருப்பாள். சவரிராஜ் வேலிக்கு மேலாகத் தலையை நீட்டிப் பேசுவார்.

"முத்துப்பேச்சி, கீரை தெனம் சேத்துக்கிடணும். இரும்புச் சத்து தெரியுமா? உங்க ஜனங்களுக்கு அது புரிய மாட்டேங்குது. வெறும் கஞ்சியைக் குடிச்சிட்டு வேலைக்குப் போறீக."

"ஆகட்டும் சாரு" என்பாள் அவள், கீரையை ஆய்ந்தபடி.

இப்படியே மாசி பிறந்து நடந்தது. தபசு காலமும் வந்துவிட்டதால் கறியைப் பற்றி யாருக்கும் புகாரில்லை. ஆனால் காய்? சந்தைக் காய் வாசல் ஏறாது, கொல்லைக் காய் விளையாது. கம்பங்கூழும் மிளகாய்த் துவையலும், மறுநாள் குதிரைவாலிச் சோறும் அதே துவையலும். சவரிராஜ் ஏமாற்றுக்காரர் இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும். வெளியே ஒளிந்து போய் வடை தின்னவில்லை. ஆனால் அவர் அறிவுரை சொல்லப் போகிற வீடுகளில் எப்படியோ சரியாக இலை போடுகிற நேரமாக அமைந்தது. வற்புறுத்தினால் உட்காருவார். மரக்கறி மட்டும் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, எண்ணெய் அதிகம் என்று சொல்லிவிட்டு வருவார். இன்பத்துக்கு அறிவுரை சொல்ல வராது. ஆகையால் அவள் துவையலோடு இருந்தாள்.

பங்குனி முதல் வாரத்தில் ஒரு நாள், ஆஸ்பத்திரி வார்டில் மருந்துத் தட்டோடு நடந்துகொண்டிருந்தவள், தட்டைக் கட்டிலில் வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெரிய டாக்டரம்மா வந்து கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்.

"ரத்தமே இல்லையே. வீட்டுல என்னதான் சாப்பிடுற?"

இன்பம் எழுந்துகொள்ளப் பார்த்தாள்.

"கீரை சாப்பிடு. பச்சைக் காய் நிறைய சாப்பிடு. உனக்கென்ன, உன் வீட்டுக்காரர்தான் பெரிய தோட்டம் போட்டிருக்காராமே, ஊரெல்லாம் பேச்சா இருக்கு."

சுற்றி நின்ற நர்சுகள் சிரிக்கவில்லை. அவர்கள் சிரித்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

பாதி வேலையில் அனுப்பிவைத்தார்கள். மத்தியான வெயிலில் நடந்து வீடு வந்து, முதல் காரியமாக நல்ல தண்ணீர்க் குடத்தைச் சாய்த்தாள். சொட்டு இல்லை. கொல்லையில் எட்டிப் பார்த்தாள். அன்று பள்ளிக்கூடம் லீவு. சவரிராஜ் செம்பால் ஒவ்வொரு நாற்றுக்கும் அளவாக ஊற்றிக்கொண்டிருந்தார். பதினொன்றில் மூன்றுதான் பாக்கி.

"கடைசிக் குடத்தையுமா ஊத்திட்டீக?"

"அதிகாரி வாறதுக்குப் பத்து நாள்தான் இருக்கு. இப்ப விட்டா வாடிரும். காய்ச்சின தண்ணி அடுப்படில இருக்கு பாரு."

"அது கரிக்குது."

"உப்பு உடம்புக்குத் தேவைதான் இன்பம்."

அவளுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. வேலியோரம் போய் நிழலில் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் முத்துப்பேச்சி, கம்பெனியில் லோடு வராததால் அன்று வேலையில்லாமல் வீட்டில் இருந்தவள், இவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வேலி இடுக்கு வழியாகக் கொடுத்தாள். பிறகு ஒரு தட்டு கொடுத்தாள். குதிரைவாலிச் சோறு. மேலே பச்சையாக, பாசிப்பருப்போடு கடைந்த கீரை. பூண்டும் சீரகமும் தட்டிப் போட்டிருந்தது.

இன்பம் முழுத் தட்டையும் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்த பிறகுதான் அழுதாள். இரண்டு மாதமாக அந்த வீட்டில் சாப்பாட்டைப் பற்றி எவ்வளவோ பேசியாயிற்று, அவள் சாப்பிட்டாளா என்று ஒருத்தர் கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"இது என்ன கீரைக்கா? சந்தையில வாங்குனதா?"

"சந்தைக்கு நான் எங்கன போக? எல்லாம் ஒங்க வீட்டுச் சாரு புடுங்கி எறியிறதுதான். சாரணையும் குப்பைக்கீரையும். எங்க ஊருல மழைக்குத்தான் மொளைக்கும். இங்கன சாரு நல்ல தண்ணி விடுதாரா, வருசமெல்லாம் கெடைக்கும் போல."

இன்பம் திரும்பிப் பாத்தியைப் பார்த்தாள். பிறகு சிரிப்பு வந்தது. முத்துப்பேச்சிக்கும் வந்தது. இரண்டு பேரும் வேலிக்கு இரண்டு பக்கமும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். கோசுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவருக்குக் கேட்கவில்லை.

அன்று முதல் பாதிக் கீரை வேலி ஏறித் திரும்பி வந்தது. சாயங்காலம் சவரிராஜின் தட்டில் கடைசல் விழுந்தது. வாயில் வைத்தார். நிமிர்ந்தார்.

"நம்ம தோட்டத்துக் கீரையா?"

"ஆமா. நம்ம தோட்டத்துதான்" என்றாள் இன்பம். பூசைக்குத் தவறாமல் போகிறவள், பொய் சொல்ல மாட்டாள்.

அவர் எந்தப் பாத்தி என்றுகூடக் கேட்கவில்லை. இந்த ரகத்துக்கு விளைச்சல்தான் வேண்டும், விவரம் வேண்டாம். மறுநாளே ஆசிரியர் அறையில் தம் தோட்டத்துக் கீரையைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். காலையில் பிடுங்கி எறிவதையும் நிறுத்தவில்லை.

அதிகாரி வருகிற நாள் வந்தது. அதற்கு முந்தின சாயங்காலம் சவரிராஜ் பாத்தி முழுவதையும் துப்புரவாகக் களை எடுத்து, ஒரு புல்கூட இல்லாமல் செம்மண் போட்டுப் பூசினார். காலை பதினொரு மணிக்குத் தலைமையாசிரியரும் அதிகாரியும் கொல்லைக்கு வந்தபோது, வழுவழுவென்ற மண்ணில் மூன்று கோசுகள் நின்றன. ஒவ்வொன்றிலும் வெற்றிலை அகலத்துக்கு ஒரு இலை.

அதிகாரி வழுக்கைத் தலையைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். தலைமையாசிரியர் ஆகாயத்தைப் பார்த்தார்.

"இதை வச்சா மூணு மாசமா சாப்பிடுறீங்க?" என்று அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார்.

"மற்றதெல்லாம் அறுவடை ஆயிருச்சு சார்" என்றார் சவரிராஜ். அவர் கண் இன்பத்தைத் தேடியது. அவளுக்கு அந்தப் பார்வை புரிந்தது. கல்யாணமான இருபது வருஷத்தில் அவர் அவளிடம் ஒன்று கேட்டு நின்றது அதுதான் முதல் தடவை.

"வெயில்ல நிக்காதீக. சாப்பிட வாங்க" என்றாள்.

இலை போட்டாள். குதிரைவாலிச் சோறு, கீரைக் கடைசல், தொட்டுக்கொள்ளத் துவையல். அதிகாரி முதலில் கடமைக்குத்தான் கை வைத்தார். பிறகு கடைசலை மறுபடி கேட்டார். மூன்றாம் தடவை கேட்டபோது தலைமையாசிரியர் முகத்தில் உயிர் வந்தது.

"இது என்ன கீரை மிஸ்டர் சவரிராஜ்? எழுதிக்கிறேன். எங்க இருக்கு, பாத்தியில பார்க்கலையே?"

சவரிராஜ் குனிந்து இலையைப் பார்த்தார். அமேசான் காட்டு மரங்களின் பெயர் அவருக்குத் தெரியும். தம் இலையில் கிடந்ததன் பெயர் தெரியவில்லை.

இன்பம் நினைத்திருந்தால் ஏதாவது ஒரு பெயரைச் சொல்லிச் சமாளித்திருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. பிறகு, ஆக்கக் கற்றுத் தந்தவள் ஒருத்தி வேலிக்கு அந்தப் பக்கம் இருக்க, நாம் ஏன் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. கொல்லைப் பக்கம் போய்க் குரல் கொடுத்தாள். மத்தியானக் கஞ்சிக்கு வீட்டுக்கு வந்திருந்த முத்துப்பேச்சி சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிலைப்படி ஓரம் நின்றாள்.

"இந்தக் கீரை பேரு என்னன்னு ஐயா கேக்காக."

"சாரணைங்கய்யா. கூடக் கொஞ்சம் குப்பைக்கீரை. பொடி இலையா ஆஞ்சு, ஒரு கொதி வேக வச்சு அந்தத் தண்ணிய வடிச்சிரணும். பெறகு பருப்போட கடையணும்."

"எங்கேருந்து பறிக்கிறீங்க?"

"பறிக்கலைங்கய்யா. சாரு தெனம் காலைல புடுங்கி வேலிக்கு இந்தால எறிவாரு. பெறக்கிக்கிடுவேன்."

அவள் குத்திக்காட்டவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள். அதிகாரி பேனாவை மூடாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு எழுதினார். எழுதி முடித்து, "உங்க பேரு என்னம்மா?" என்று கேட்டு அதையும் எழுதிக்கொண்டார்.

அவர்கள் போன பிறகு சவரிராஜ் கொல்லையில் போய்ப் பூசின மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். இன்பம் பாத்திரம் கழுவினாள். "ஆஸ்பத்திரில நீ மயங்கி விழுந்தியாமே" என்றார் அவர் திரும்பாமல். "தலைமையாசிரியர் இப்பத்தான் சொன்னாரு. அவரு சம்சாரம் அங்கன மருந்து வாங்க வந்திருந்துச்சாம். ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க எப்ப சும்மா இருந்தீக, நான் சொல்றதுக்கு?"

அடுத்த தடவை குழாயில் தண்ணீர் வந்தபோது சவரிராஜ் இரண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் வரிசையில் நின்றார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நிற்கிற முழு நேரமும் அவர் யாருக்கும் எதுவும் சொல்லித் தரவில்லை. தோளில் குடத்தோடு சட்டை நனைய வந்து இறக்கிவைத்துவிட்டு, முதல் செம்பை மொண்டு இன்பத்திடம் நீட்டினார். அவள் வாங்கிக் குடித்தாள். குடிக்கும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். பார்த்தால் மன்னித்துவிடுவோம் என்று பயம்.

உயிர்த்த ஞாயிறன்று ஆட்டுக்கறி எடுத்தாள். அவர் ஒன்றும் பேசாமல் சாப்பிட்டார். வீட்டில் அப்படி ஒரு நிம்மதி எட்டு நாள் இருந்தது.

ஒன்பதாம் நாள் சவரிராஜ் ஆசிரியர் அறையில் எழுந்து நின்று, நம் மண்ணுக்கு ஒவ்வாத சீமைக் காய்கறிகளின் தீமை என்ற பொருளில் பேச ஆரம்பித்தார். முட்டைக்கோசு சாப்பிடுகிறவர்களைப் பரிதாபமாகப் பார்த்தார். சாரணையைத் தாம் பல மாதம் சொந்தப் பாத்தியில் ஆராய்ந்து கண்டதாகச் சொன்னார். எல்லாவற்றுக்கும் சிகரமாக ஒரு நாள் சாயங்காலம் முத்துப்பேச்சியைக் கூப்பிட்டுச் சாரணையை எப்படிக் கடைய வேண்டும் என்று விளக்கினார். அவள் முழுவதும் கேட்டாள். இன்பம் உள்ளே இருந்து கேட்டாள். ஆனால் அடுத்த தடவை தண்ணீர் வந்தபோது குடத்தை அவரே எடுத்துக்கொண்டு போனதால், இன்பம் அதோடு விட்டுவிட்டாள்.

சரி, சவரிராஜைப் பார்த்துச் சிரித்தாயிற்று. இன்றைக்குச் சாப்பிட உட்காரும்போது ஒரு சின்னப் பரீட்சை செய்து பாருங்கள். இலையில் என்ன விழுந்தாலும், அதில் உள்ள சத்தைப் பற்றியோ, கடையில் அது விற்கிற விலையைப் பற்றியோ, உங்கள் அம்மா அதை எப்படிச் செய்வாள் என்பதைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டுக் கை கழுவ உங்களால் முடிகிறதா? முடிந்தால் நல்லது. அப்படி முடிந்ததைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் போய்ச் சொல்லி, அவரும் அப்படி இருக்க வேண்டும் என்று எடுத்துச் சொல்லாமல் இரண்டு நாள் தாக்குப்பிடித்தால், நீங்கள் அந்த ரகம் இல்லை.